கேட்டது நான்கு, வந்தது ஒரு வரி

தபால்காரர் கடிதத்தைத் தந்தபோது நான் எங்கள் ஒழுங்கையில்தான் நின்றிருந்தேன். வீட்டுக்குப் போகும்வரை பொறுக்க முடியவில்லை, அந்த இடத்திலேயே பிரித்துவிட்டேன். உள்ளே ஒரேயொரு தாள். மேலே இலக்கம், திகதி, கோடிட்ட தலைப்பு. அதற்குக் கீழே ஒரு வரி:

"மேற்படி வடிகான் வேலைத்திட்டம் உரிய நடைமுறைகளுக்கமைய நிறைவு செய்யப்பட்டுள்ளது என்பதைத் தங்களுக்குத் தயவுடன் அறியத்தருகின்றேன்."

கையொப்பம், றப்பர் முத்திரை. அவ்வளவுதான்.

நான் நின்ற இடத்திலிருந்து பத்தடியில் அந்த வடிகான் முடிகிறது. பெரிய கானில் போய்ச் சேர்ந்து முடியவில்லை. மூன்றாம் வீட்டு அன்ரியின் படலைக்கு முன்னால் கொங்கிறீற் அப்படியே நின்றுவிட்டது. அந்த வாயிலிருந்து கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. கடற்காற்றில் துருப்பிடித்துச் செதில் செதிலாக உரிகின்றன. பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் விழுந்தால் குத்திவிடும் என்று அன்ரி ஒவ்வொரு கம்பி முனையிலும் கழுவிய யோகட் கப் ஒன்றைக் கவிழ்த்து வைத்திருக்கிறார். மொத்தம் பதினொரு கப். காற்றுக்கு ஒன்று பறந்தால் மறுநாள் காலையில் அந்த இடத்தில் வேறொன்று இருக்கும்.

கான் கட்டுவதற்கு முன்பு மாரி மழை வெள்ளம் ஒழுங்கை முழுவதும் பரவி, கணுக்காலளவு நின்று, இரண்டு நாளில் வடிந்துவிடும். இப்போது மேலே இருந்து வருகிற தண்ணீர் எல்லாம் கான் வழியாக ஓடிவந்து அன்ரியின் படலையில் கொட்டுகிறது. கார்த்திகையில் அவரது குசினிக்குள் தண்ணீர். அடுப்பைக் கல் வைத்து உயர்த்தியிருக்கிறார். அரைகுறைக் கான் கான் இல்லாததைவிடக் கொடுமையானது என்பதை நான் அந்தக் குசினியில் நின்றுதான் தெரிந்துகொண்டேன்.

அதைப் பார்த்துவிட்டுத்தான் தகவல் கேட்டு எழுதினேன். எந்தக் கந்தோர் என்பதை இங்கே எழுதப்போவதில்லை.

திருகோணமலை நகரத்தில், கந்தோர்கள் இருக்கும் பக்கம் நான் ஒரு சின்ன ரைப்பிங், போட்டோ கொப்பிக் கடை வைத்திருக்கிறேன். கோட்டைப் பக்கத்து மான்கள் சில நாட்களில் வாசல்வரைக்கும் வந்து நிற்கும். அந்த அளவுக்குச் சின்னத் தெரு. வருகிறவர்களில் பாதிப்பேர் கடிதத்தோடுதான் வருவார்கள். நாலாக மடித்து, ஷொப்பிங் பையில் சுற்றி, சட்டைப்பைக்குள் வைத்துக் கொண்டுவருவார்கள். "பிள்ளை, இதில என்ன எழுதியிருக்கு, வாசிச்சுச் சொல்லும்." வாசித்துச் சொல்வேன். காணி பற்றியது, வீட்டுத்திட்டம் பற்றியது, நிவாரணப் பட்டியலில் பெயர் ஏன் இல்லை என்பது பற்றியது. பதில் பெரும்பாலும் என்னுடையதைப் போலவே ஒரு வரியாக இருக்கும். "சரி, அவங்கள் சொல்லிட்டாங்கள்" என்று சொல்லி, மறுபடி நாலாக மடித்து, எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். அந்தச் "சரி" எனக்குத் தொண்டையில் முள் மாதிரி நிற்கும். எத்தனை வருடம் எத்தனை கவுண்டர்களில் நின்று வந்த "சரி" அது.

ஆனால் அந்த ஒரு வரிக் கடிதத்தோடு விஷயம் முடிவதில்லை. முடிந்துவிட்டது என்று நாங்கள் நினைத்துக்கொள்கிறோம், அதுதான் நடக்கிறது. இந்தப் பதிவை எழுதக் காரணமே அதுதான்.

இலங்கையில் தகவல் பெறுவது இப்போது யாரும் மனமிரங்கித் தருகிற உதவி இல்லை. 2015இல் வந்த 19ஆம் திருத்தம் அரசியலமைப்பில் 14அ உறுப்புரையைச் சேர்த்து அதை அடிப்படை உரிமையாக்கியது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி 3இல் நடைமுறைக்கு வந்தது. தகவல் கேட்பதற்கு ஆர்.ரி.ஐ. 01 என்ற படிவம் இருக்கிறது. படிவம் இல்லாமல் கடிதமாக எழுதிக் கொடுத்தாலும் செல்லும். எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னால், கோரிக்கைகளைப் பொறுப்பெடுக்கிற அந்தக் கந்தோரின் தகவல் அலுவலர் அதை எழுதி எடுக்க வேண்டும். எதற்காகக் கேட்கிறோம் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. கொடுப்பதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் சொல்ல வேண்டும். ஓர் ஆளின் உயிரோடும் சுதந்திரத்தோடும் சம்பந்தப்பட்ட தகவலென்றால் 48 மணித்தியாலம். இவ்வளவும் ஓரளவுக்கு எல்லோருக்கும் தெரிந்தவை.

பலருக்குத் தெரியாதது 31ஆம் பிரிவு. தகவல் அலுவலர் மறுத்தால் மட்டும்தான் மேன்முறையீடு செய்யலாம் என்று நினைக்கிறோம். அப்படியில்லை. குறித்த நாளுக்குள் பதில் தராவிட்டாலும் செய்யலாம். கூடுதலாகக் கட்டணம் கேட்டாலும் செய்யலாம். கேட்ட வடிவத்தில் தராவிட்டாலும், தகவல் அழிக்கப்பட்டோ சிதைக்கப்பட்டோ விட்டது என்று நம்பக் காரணம் இருந்தாலும் செய்யலாம். முழுமையற்ற, தவறாக வழிநடத்தும் அல்லது பொய்யான தகவலைத் தந்தாலும் செய்யலாம். இந்தக் கடைசி வரியை வாசித்த அன்று இரவு எனக்கு நித்திரை வரவில்லை. என் கையில் இருந்த கடிதத்துக்கு அந்த வரி அளவெடுத்துத் தைத்தது போலிருந்தது.

நான் கேட்டவை நான்கு. அங்கீகரிக்கப்பட்ட மதிப்பீட்டின் பிரதி. கொந்தராத்துக்காரரோடு செய்த ஒப்பந்தத்தின் பிரதி. தொழில்நுட்ப உத்தியோகத்தர் கையெழுத்திட்ட, கொடுப்பனவுக்கு ஆதாரமான அளவீட்டுத் தாள்களின் பிரதி. வேலை முடிந்ததாகக் கொடுத்த அறிக்கையின் பிரதி. நான்கும் ஆவணங்கள். "ஏன் நிறுத்தினீர்கள்?" என்று நான் கேட்கவில்லை. கடைக்கு வரும் விண்ணப்பங்களைப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டது அது. "ஏன்" என்று கேட்டால் ஒரு விளக்கம் வரும், விளக்கம் எப்படியும் எழுதலாம். "இந்தத் தாளின் பிரதி" என்று கேட்டால் தாள் இருக்கிறதா, தருவீர்களா என்ற இரண்டு கேள்விதான். ஆனாலும் எனக்கு வந்தது ஒரு விளக்கம்தான். நான்கு தாள் கேட்டேன், ஒரு தாளும் தராமல், நான் கேட்காத ஒரு செய்தியைச் சொல்லியிருந்தார்கள்.

முதலில் நான் எழுதிய மேன்முறையீடு மூன்று பக்கம். அன்ரியின் குசினி, யோகட் கப், பிள்ளைகள், வரிப்பணம், எல்லாம் அதில் இருந்தது. எங்கள் ஒழுங்கையில் முப்பது வருடம் இலிகிதராக இருந்து ஓய்வுபெற்ற மாமா ஒருவர் இருக்கிறார். கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதையும் வாசித்தார்.

"நல்லாத்தான் எழுதியிருக்கிறீர் பிள்ளை. ஆனால் இதை நான் கந்தோரில இருந்து பார்த்தால் என்ன செய்வன் தெரியுமோ? மூலையில 'பார்த்தேன், கோப்பிலிடவும்' எண்டு எழுதிப்போட்டு அடுத்த கடிதத்தை எடுப்பன். திகதியும் பிரிவும் போட்டு வாற கடிதத்தை அப்படிச் செய்யேலாது. அதுக்கு ஆரோ ஒராள் பதில் எழுதியே ஆகவேணும்."

அவர் சொன்னபடி திரும்ப எழுதினேன். ஒரே பக்கம். தாளில் மூன்று கட்டம் போட்டேன்: கேட்டது, கிடைத்தது, மிச்சம். முதல் கட்டத்தில் என் விண்ணப்பத்தில் இருந்த நான்கு வரிகளும் ஓர் எழுத்து மாறாமல். நடுக் கட்டத்தில் நான்கு முறையும் "வழங்கப்படவில்லை". மூன்றாம் கட்டத்தில் நான்கு முறையும் "முழுவதும்". கீழே இரண்டு வரி: கோரிய ஆவணங்கள் எவையும் மறுக்கப்படவும் இல்லை, வழங்கப்படவும் இல்லை, ஆகவே இது முழுமையற்ற தகவல் என்று 31ஆம் பிரிவின் கீழ் மேன்முறையீடு செய்கிறேன். மறுப்பதானால் எந்த விதிவிலக்கின் கீழ் மறுக்கிறீர்கள் என்றும், மேன்முறையீடு யாரிடம், எத்தனை நாளுக்குள் என்றும் 28ஆம் பிரிவின்படி எழுதித் தந்திருக்க வேண்டும் என்பதையும் சேர்த்தேன். எனக்கு வந்த கடிதத்தில் அது ஒன்றும் இல்லை.

படங்களை இணைக்கவில்லை. கம்பியும் கப்பும் இருக்கிற படம் போனில் இருந்தது, மனசு அடித்துக்கொண்டது. ஆனால் அது வேறு முறைப்பாடு. இந்தத் தாளில் ஒரு கேள்வி மட்டும்தான் இருக்க வேண்டும்: நான் கேட்ட தாள்கள் எங்கே?

முதல் மேன்முறையீடு அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்குப் போக வேண்டும். பெரும்பாலும் அவர் அந்தக் கந்தோரின் தலைவராகவோ அவருக்கு அடுத்த நிலையிலோ இருப்பார். "பெரிய சேருக்கு எதிராக எழுதுறதா?" என்று கடைக்கு வருபவர்கள் பயப்படுவது இதற்குத்தான். அவருக்கு எதிராக எழுதவில்லை, அவரிடம் எழுதுகிறோம். 14 நாட்களுக்குள் கொடுக்க வேண்டும், அவர் மூன்று வாரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். நான் ஒன்பதாவது நாள் பதிவுத் தபாலில் போட்டேன். துண்டைத் தொலைத்துவிடாதீர்கள். தபாற்கந்தோரில் தருகிற அந்தச் சின்னத் துண்டை நான் என் அடையாள அட்டையோடு வைத்திருந்தேன்.

இரண்டாம் வாரம் ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. மரியாதையான குரல்தான். "தங்கச்சி, உங்களுக்கு என்ன பிரச்சினை? கடிதம் எழுதத் தேவையில்லையே, நேரில வந்து கதைக்கலாமே." எழுத்தில் தாருங்கள் சேர், அது போதும் என்று சொல்லிவிட்டேன். குரல் நடுங்காமல் சொன்னேன், கை நடுங்கியது. அன்று இரவு அம்மாவுக்குச் சொன்னபோது அவர் சோற்றுக் கோப்பையை வைத்துவிட்டார். "உன்ர பெயர் அங்கை விழுந்திட்டுது." எங்கள் ஊரில் பெயர் ஒரு பட்டியலில் ஏறுவதென்றால் அம்மாவின் வயதுக்காரர்களுக்கு வேறு நினைவுகள் வரும். அந்தப் பயத்தைப் பிழை சொல்ல எனக்கு வாய் வராது. நான் அவருக்குச் சட்டத்தை விளக்கவில்லை. பக்கத்தில் போய் இருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவரே கேட்டார், "அந்தப் பிள்ளைகளின்ர கம்பி விஷயம்தானே?" ஓம் என்றேன். "சரி, எழுது."

மூன்று வாரம் முடிந்தது. பதில் இல்லை.

பதில் இல்லாததும் ஒரு முடிவாகத்தான் கணக்கில் வரும். அந்த மூன்று வாரம் முடிந்ததிலிருந்து இரண்டு மாதத்துக்குள் கொழும்பில் இருக்கிற தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்கு மேன்முறையீடு செய்யலாம். அங்கே எனக்கு மிகப் பிடித்த ஒரு விஷயம் இருக்கிறது. கோரிக்கையை அணுகிய விதம் சட்டப்படி சரியானது என்று நிரூபிக்கிற பொறுப்பு நிறுவனத்தின் தலையில்தான். எனக்குத் தகவல் ஏன் தேவை என்று நான் நிரூபிக்க வேண்டியதில்லை. ஏன் தரவில்லை என்று அவர்கள்தான் நிரூபிக்க வேண்டும். வாழ்நாள் முழுக்கக் கிராம சேவகர் கடிதம், பிறப்புச் சான்றிதழ், உறுதி, பற்றுச்சீட்டு என்று தன்னைத் தானே நிரூபித்துக்கொண்டிருக்கிற சனத்துக்கு இது எவ்வளவு பெரிய மாற்றம் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆணைக்குழு சொன்னதும் எல்லாம் உடனே நடந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. பாராளுமன்ற உறுப்பினர்களில் சொத்து விவரம் கொடுத்தவர்களின் பெயர்ப் பட்டியலை ஒரு பத்திரிகையாளர் 2018இல் கேட்டார். கொடுக்கச் சொல்லி ஆணைக்குழு 2021இல் உத்தரவிட்டது. பாராளுமன்றத் தரப்பு மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போனது. 2023இல் நீதிமன்றமும் ஆணைக்குழுவின் பக்கமே நின்றது. ஒரு பெயர்ப் பட்டியலுக்கு ஐந்து வருடம். ஆனால் அந்த ஐந்து வருடத்தின் பலன் நாளைக்குக் கேட்கப்போகிற எங்களுக்கும் சேரும்.

இடையில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். மூதூரிலிருந்து ஒரு நானா வந்தார், காணி விஷயம். அவர் தமிழில் எழுதிய விண்ணப்பத்துக்கு மூன்று பக்கம் சிங்களத்தில் பதில். எனக்கும் சிங்களம் வாசிக்க வராது. அவர் பஸ் பிடித்து வந்து, கடை கடையாக வாசிக்கத் தெரிந்த ஆளைத் தேடியிருக்கிறார். தமிழும் அரச கரும மொழிதான். கிழக்கில் தமிழ் நிர்வாக மொழி; நாங்கள் எழுதிய மொழியில் பதில் பெறும் உரிமையைப் பற்றி அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை பேசுகிறது. வாசிக்க முடியாத பதில் வந்தால் அதையும் மேன்முறையீட்டில் எழுதுங்கள். அவருக்கு நான் அப்படித்தான் எழுதிக் கொடுத்தேன்.

ஆணைக்குழுவுக்கு நான் அனுப்பிய மேன்முறையீட்டோடு ஐந்து தாள் இணைத்தேன்: விண்ணப்பம், கிடைத்ததாகத் தந்த ஒப்புகைச் சீட்டு, ஒரு வரிப் பதில், முதல் மேன்முறையீடு, பதிவுத் தபால் துண்டின் கொப்பி. கொழும்புக்குப் போய் நிற்க வேண்டி வருமோ என்ற கவலை இருந்தது. வரவில்லை. ஆணைக்குழுவின் கடிதம் கந்தோருக்குப் போய்ச் சேர்ந்த கொஞ்ச நாளில் அங்கிருந்து எனக்கு எழுத்தில் வந்தது: கோப்பைப் பார்வையிட வரலாம், தேவையான பிரதிகளை எடுத்துக்கொள்ளலாம்.

காலை ஒன்பதரைக்குப் போனேன். ஒரு மிஸ் கோப்பைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். பச்சை மட்டை, மூலையில் நாடா கட்டியிருந்தது. அவர் எதிரில் இருந்துகொண்டு வேறு வேலை பார்த்தார். கோப்பைப் பார்வையிட முதல் மணித்தியாலம் இலவசம், அதற்குமேல் மணிக்கு 50 ரூபா. நான் கொப்பியும் பேனையும் கொண்டுபோயிருந்தேன். என் எண்ணமெல்லாம் அளவீட்டுத் தாளில்தான் இருந்தது. அதற்கு முதல் வாரம் பக்கத்து வீட்டுப் பெடியனும் நானும் கான் கரையோடு நாடா பிடித்து அளந்திருந்தோம். 112 மீற்றர் வந்தது. தாளில் 180 என்று இருக்கும், பிடித்துவிடலாம் என்று நம்பித்தான் போனேன். ஒழுங்கை முழுவதும் அதைத்தான் நம்பியது. கொந்தராத்துக்காரர் மிச்சக் காசை விழுங்கிவிட்டார் என்று இரண்டு வருடமாகக் கதை. அந்த மனிசன் எங்கள் ஒழுங்கையால் மோட்டார் சைக்கிளில் போவதையே விட்டுவிட்டார்.

மதிப்பீட்டில் 180 மீற்றர் என்றுதான் இருந்தது. அளவீட்டுத் தாளைப் புரட்டினேன். 112. கொடுப்பனவும் 112 மீற்றருக்குத்தான்.

திரும்பவும் முதலிலிருந்து பார்த்தேன். இரண்டுக்கும் நடுவில் ஒரு தாள் இருந்தது. 2022ஆம் ஆண்டுத் திகதி. அந்த வருடத்தை நாங்கள் யாரும் மறக்கமாட்டோம்: பெற்றோல் வரிசை, காஸ் வரிசை, சீமெந்தும் கம்பியும் வாரத்துக்கு வாரம் ஏறிய விலை. கட்டடப் பொருட்களின் விலையேற்றம் காரணமாக ஒதுக்கப்பட்ட நிதிக்குள் வேலையை முடிக்க இயலாது, எனவே நீளம் 112 மீற்றராகக் குறைக்கப்படுகிறது, எஞ்சிய 68 மீற்றரை அடுத்த ஆண்டுத் திட்டத்தில் சேர்ப்பது பற்றிப் பரிசீலிக்கலாம் என்று அதில் எழுதியிருந்தது. கீழே இரண்டு கையொப்பம். அதற்குப் பிறகு கோப்பில் அந்த 68 மீற்றரைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை.

எனக்கு வந்த கடிதம் அவர்கள் கோப்பின்படி பொய்யில்லை. குறைத்த வேலை நிறைவுதான். எங்கள் ஒழுங்கையில் நின்று வாசித்தால்தான் அது பொய். அந்த ஒரு தாளைத் தந்திருந்தால் முதல் நாளே விளங்கியிருக்கும்.

மிஸ்ஸிடம் கேட்டேன், "இதை அப்பவே தந்திருக்கலாமே மிஸ், இதில மறைக்க என்ன இருக்கு?"

அவர் பேனையை வைத்துவிட்டுச் சொன்னார். "குடுத்தால் பிரச்சினை வரும் எண்டு நினைச்சிட்டினம் தங்கச்சி."

எனக்குக் கோபம் வந்தது, உண்மையான கோபம். ஏனென்றால் பிரச்சினை கொடுக்காததால்தான் வந்தது. களவு இல்லாத ஒரு கோப்பை மூடி வைத்து, களவு நடந்தது என்று ஓர் ஒழுங்கை முழுவதையும் நம்ப வைத்து, ஒரு மனிசனை வேறு பாதையால் போகவைத்து, எட்டு மாதம் என்னை எழுத வைத்திருக்கிறார்கள். அவ்வளவு நாளும் அன்ரி கப் மாற்றிக்கொண்டிருந்தார்.

ஒன்பது பக்கம் பிரதி எடுத்தேன். நான்கு பக்கம் வரை இலவசம், மற்ற ஐந்துக்கும் பக்கத்துக்கு இரண்டு ரூபாப்படி பத்து ரூபா. பற்றுச்சீட்டுக் கேட்டு வாங்கினேன்.

பின்னேரம் அன்ரி வீட்டு விறாந்தையில் அந்த 2022ஆம் ஆண்டுத் தாளை எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். ஒருவரும் உடனே பேசவில்லை. அப்புறம் இலிகிதர் மாமா எழும்பி, கொந்தராத்துக்காரர் வீட்டுக்குத் தான் ஒருக்கால் போய்வருவதாகச் சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்தார்.

கிராம அபிவிருத்திச் சங்கத்தின் பெயரில் இப்போது இரண்டு கடிதம் போயிருக்கிறது. ஒன்று, எஞ்சிய 68 மீற்றரை வரும் ஆண்டுத் திட்டத்தில் சேர்க்கும்படி, அந்தத் தாளின் பிரதியோடு. மற்றது தகவல் கோரிக்கை: வரும் ஆண்டுக்கு முன்மொழியப்பட்ட வடிகான் வேலைகளின் பட்டியலின் பிரதி. 14 வேலை நாட்களை எண்ணிக் கடைக் கலண்டரில் வட்டமிட்டிருக்கிறேன். 23ஆம் திகதி, செவ்வாய்க்கிழமை.